நிறத்தைத் தொடாதேங்கோ

யாழ்ப்பாணத்தில் ஒரு ஸ்ரூடியோவில் படம் திருத்துவது என் தொழில். கலியாண அல்பம், பெண்பிள்ளை பெரியபிள்ளையானதும் வைக்கும் சாமத்திய வீட்டு அல்பம், பாஸ்போர்ட் படம், சம்பந்தம் பேச அனுப்பும் படம், செத்தவீடு முடிந்தபின் கல்வெட்டு என்று அச்சடிக்கும் நினைவுப் புத்தகத்தில் போடும் படம் என்று ஒரு ஆளுக்கு வாழ்நாளில் தேவைப்படும் படமெல்லாம் என் கணினி வழியாகத்தான் போகும். எந்தப் படமாக இருந்தாலும் கூடவே ஒரு கோரிக்கை வரும்: “தங்கச்சி, கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ.”

கல்வெட்டுக்கும் அதேதான். எண்பது வயதுவரை தோட்டம் செய்து, வெயிலில் கறுத்து, ஊரில் நல்ல பெயரோடு வாழ்ந்து முடித்த ஒருவரின் படத்தை மகன் கொண்டுவந்தார். முப்பத்தோராம் நாளுக்கு முதல் அச்சடிக்க வேண்டும், அப்பாவைக் கொஞ்சம் வெளுப்பாக்கி விடுங்கோ என்றார். செத்த பிறகும் மனிசனுக்கு விடுதலை இல்லை. செய்து கொடுத்தேன். அது காசுக்குச் செய்கிற வேலை, அதற்காக இங்கே மூக்குச் சிந்தப் போவதில்லை.

நானும் கறுப்புத்தான். பொதுநிறம் என்று மழுப்பக்கூடிய கறுப்பு இல்லை, நல்ல கறுப்பு. மற்றவர்களை வெளுப்பாக்கிக்கொண்டு நான் மட்டும் இப்படியே இருப்பதைப் பார்த்து வாடிக்கையாளர்கள் சிலர் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ‘கறுப்பே அழகு’ என்ற கோஷம் எனக்கு ஒத்துவராது. சொல்பவர்கள் நல்ல மனதோடுதான் சொல்கிறார்கள். ஆனால் அதன்படி பார்த்தால், இனி நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று நான் வடிவு, நான் வடிவு என்று நம்பப் பழக வேண்டும். அது இன்னொரு வேலை. என் அப்பாவுக்கு மூக்கு கொஞ்சம் கோணல். அவர் அதை வடிவு என்றும் நினைக்கவில்லை, வடிவில்லை என்றும் நினைக்கவில்லை. காலையில் லுமாலா சயிக்கிளை எடுத்துக்கொண்டு வேலைக்குப் போனார், பின்னேரம் வந்தார், அவ்வளவுதான். எனக்கு வேண்டியதும் அந்த வசதிதான். மனதைத் திடப்படுத்திக்கொண்டால் மட்டும் அது வந்துவிடாது. சில அலுவல்களைச் சரியாகப் பார்த்து வைத்தால்தான் வரும். நான் கண்ட அளவில் அந்த அலுவல்கள் எவை என்று எழுதுகிறேன்.

முதலாவது, படம். கறுப்பான பிள்ளைகள் பலர் தங்கள் முகத்தை வெறுக்கத் தொடங்குவது கண்ணாடியைப் பார்த்தல்ல, படத்தைப் பார்த்துத்தான். அதில் பாதிப் பிழை கமெராவுடையது. கமெரா ஒரு காட்சியில் இருக்கும் வெளிச்சத்தை அளந்து, எல்லாவற்றையும் சேர்த்து நடுத்தரச் சாம்பல் அளவுக்குக் கொண்டுவரப் பார்க்கும். வெள்ளைச் சுவருக்கு முன்னால் நின்றாலோ, பக்கத்தில் மாப்பிள்ளை பட்டு வேட்டியோடு நின்றாலோ, வெளிச்சம் கூடிவிட்டது என்று நினைத்து அது தானாகக் குறைத்துவிடும். வேட்டி சரியாக வரும், முகம் இருண்டுவிடும். அந்தப் படத்தைப் பார்த்து அந்தப் பிள்ளை, நான் இவ்வளவு கறுப்போ என்று நினைக்கும். அது அந்தப் பிள்ளையின் நிறமே இல்லை.

ஃபிலிம் காலத்தில் இது இன்னும் மோசம். கோடாக் நிறுவனம் படம் கழுவும் இடங்களுக்கு ஒரு மாதிரிப் படம் அனுப்பும். அதில் ஒரு வெள்ளைக்காரப் பெண் இருப்பாள். ‘ஷேர்லி அட்டை’ என்று அதற்குப் பெயர். அந்தப் பெண்ணின் தோல் சரியாக வந்தால் இயந்திரம் சரி என்று கணக்கு. எங்கள் தோல் அந்தக் கணக்கில் கிடையாது. சொக்லேட் நிறுவனங்களும் மரத் தளபாடம் செய்கிறவர்களும் தங்கள் பொருள்களின் கபில நிறம் படத்தில் ஒழுங்காக விழவில்லை என்று முறைப்பட்ட பிறகே ஃபிலிமைத் திருத்தும் அலுவல் சூடுபிடித்ததாம். பல நிறப் பெண்கள் சேர்ந்து நிற்கும் அட்டை 1990களில்தான் வந்தது. அம்மாவின் கலியாணப் படத்தில் அவருடைய கண்ணும் தோட்டும் மட்டும் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

ஆகவே வெளிச்சம் கூட்டுவது வேறு, நிறம் மாற்றுவது வேறு. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லத் தெரிந்தால் ஸ்ரூடியோவில் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். போனில் எடுக்கும்போது திரையில் முகத்தின் மேல் ஒருக்கால் தொடுங்கள், பக்கத்தில் வரும் சூரியன் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள். விறாந்தையின் நிழலில், முற்றத்தைப் பார்த்தபடி நில்லுங்கள். தலைக்கு நேர் மேலே ரியூப் லைட் எரிகிற இடம் வேண்டாம், கண்ணுக்குக் கீழே குழி விழும். நேராக அடிக்கும் ஃபிளாஷும் வேண்டாம். வெள்ளைச் சுவரை விட்டு, பச்சை மரம், மண்சுவர், நீலக் கதவு என்று எதையாவது பின்னால் வையுங்கள். முக்கியமாக, முன் கமெராவில் ‘பியூட்டி’ என்று ஒன்று இருக்கும். பல போன்களில் வாங்கும்போதே அது வேலை செய்துகொண்டிருக்கும். அதைப் பூச்சியத்துக்குக் கொண்டுவாருங்கள். முதல் சில நாள் உங்கள் முகம் உங்களுக்கே அந்நியமாக இருக்கும். பிறகு பழகிவிடும்.

இதில் எனக்கு எப்போதும் சிரிப்பு வரும் இடம் ஒன்று இருக்கிறது. கலியாணம் முடிந்து வெளிநாட்டுக்கு ஸ்பொன்சர் போடும்போது விசாவுக்குப் படம் எடுக்க வருவார்கள். கனடா மாதிரியான நாடுகள் படத்தை எந்த விதத்திலும் திருத்தக் கூடாது என்று எழுதியே வைத்திருக்கின்றன. அங்கே தாய்மார் வாயே திறப்பதில்லை. “உள்ளது உள்ளபடி எடுங்கோ தங்கச்சி, பிறகு ரிஜெக்ட் பண்ணிப் போடுவாங்கள்.” அதே பிள்ளையின் கலியாண அல்பத்தை அதே தாய் சொன்னபடி நான் வெளுப்பாக்கிக் கொடுத்திருப்பேன். கலியாணம் நடந்ததற்கு ஆதாரமாக அந்த அல்பத்தில் இருந்தும் படங்கள் போக வேண்டும். ஒரே கோப்புக்குள் மணப்பெண் ஒரு நிறம், விண்ணப்பதாரர் இன்னொரு நிறம். ஒருவர் திரும்பி வந்து, நிறம் மாற்றாத பிரதிகள் இருக்கா என்று கேட்டார். நல்லகாலம், அழிக்காமல் வைத்திருந்தேன். எப்போதும் திருத்தாத மூலப் படங்களை ஒரு பென் டிரைவில் கேட்டு வாங்கி வையுங்கள்.

இரண்டாவது, கிறீம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

சித்தியின் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கிய நேரம், ரவுணில் ஒரு கடையில் லேபல் எதுவும் இல்லாத சின்ன வெள்ளை டப்பாவில் ஒரு கிறீம் கொடுத்தார்கள். கடைக்காரப் பெண்ணே கலந்ததாம், மூலிகையாம், பக்க விளைவு இல்லையாம். முகம் வெளுத்தது, அதை மறுக்க முடியாது. இரண்டு கிழமையில் பளபளவென்று வந்தது. சித்தி பெருமையோடு கூட்டிக்கொண்டு வந்து காட்டினார். தொழில் பழக்கத்தில் எனக்கு முதலில் தெரிந்தது காதுதான். முகம் ஒரு நிறம், காது மடல் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். நாங்கள் அல்பத்தில் அவசரமாக வெளுப்பாக்கும்போது விடுகிற அதே பிழை.

சில மாதத்தில் கன்னத்தில் சிவப்பாக மெல்லிய நரம்புகள் தெரியத் தொடங்கின. நெற்றியிலும் நாடியிலும் ஒரே அளவில் சின்னச் சின்னப் பருக்கள். மேலுதட்டில் மயிர் வளர்ந்தது. அடுப்படியில் நின்றாலே முகம் எரிகிறது என்றாள். பயந்து கிறீமை நிறுத்தினால் ஓரிரு நாளில் முகம் சிவந்து வீங்கும், திரும்பப் பூசினால் அடங்கும். அதனால் கிறீம் நல்லது, நிறுத்துவதுதான் கூடாது என்று அந்த வீட்டில் முடிவெடுத்தார்கள். கடையில் போய்க் கேட்டதற்கு, “அது உடம்பில இருக்கிற அழுக்கு வெளியில வருது” என்று பதில் வந்தது.

தோல் வைத்தியர் முகத்தைப் பார்த்ததுமே கேட்ட முதல் கேள்வி, என்ன பூசினீர் என்பதுதான். இந்தக் கலவைக் கிறீம்களில் பெரும்பாலும் இருப்பது ஸ்டீரொய்ட். பீட்டாமெத்தசோன், குளோபெட்டாசோல், மொமெட்டாசோன் போன்றவை. எக்சிமா மாதிரி நோய்களுக்கு வைத்தியர் கணக்குப் பார்த்துக் கொடுக்கும் நல்ல மருந்துகள் இவை. முகத்தில் மாதக்கணக்காகப் பூசினால் தோல் மெலிந்துபோகும், உள்ளே இருக்கும் இரத்தக் குழாய்கள் வெளியில் தெரியும், பருவும் மயிரும் வரும். நிறுத்தியதும் முகம் எகிறிச் சிவப்பது தோல் அந்த மருந்துக்குப் பழகிப்போனதன் அடையாளம். ஆகவே இப்படிப் பூசிக்கொண்டிருப்பவர்கள் தாங்களாக நிறுத்திப் பார்த்து, பயந்து, திரும்பப் பூசாமல், நேரே வைத்தியரிடம் போவதே நல்லது. எப்படி நிறுத்துவது என்று அவர் சொல்லுவார். டப்பாவையும் கொண்டுபோங்கள், லேபல் இல்லாவிட்டாலும் கொண்டுபோங்கள். யாழ் போதனா வைத்தியசாலையில் தோல் சிகிச்சைப் பிரிவு இருக்கிறது. அங்கே காசும் இல்லை, “ஏன் பிள்ளை இதைப் பூசினனீ” என்ற ஏச்சும் நீங்கள் பயப்படும் அளவுக்கு இராது.

முகத்தில் கறுப்பாகப் படரும் மங்குக்கு வைத்தியர் எழுதிக் கொடுக்கும் கூட்டுக் கிறீம் ஒன்று இருக்கிறது. ஹைட்ரோகுவினோன், ட்ரெட்டினோயின், கூடவே ஒரு ஸ்டீரொய்ட். குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் என்று சொல்லித்தான் தருவார்கள். எங்கள் ஆட்கள் அந்தத் துண்டைக் காட்டிக் காட்டி வருடக்கணக்காக வாங்குவார்கள், மச்சாளுக்கும் பூசக் கொடுப்பார்கள். ஹைட்ரோகுவினோனை நீண்டகாலம் பூசினால் சிலருக்குத் தோலில் நீலமும் கறுப்புமாகப் படிந்து, பிறகு லேசில் போகாது. வெளுக்கப் போய்க் கறுத்த கதை. தேமலுக்கு ஸ்டீரொய்ட் பூசுகிறவர்களும் உண்டு. தேமல் ஒரு பூஞ்சணத் தொற்று. அதற்குப் பூஞ்சண மருந்து வேண்டும். ஸ்டீரொய்ட் பூசினால் கொஞ்ச நாள் மறைந்திருந்து பரவி வரும்.

ஸ்டீரொய்டை விடப் பயப்பட வேண்டியது பாதரசம். தோலில் நிறம் உண்டாவதை அது தடுக்கும், அதனால் வெளுக்கும். அதே பாதரசம் உடம்புக்குள் போய்ச் சிறுநீரகத்தையும் நரம்புகளையும் பழுதாக்கும். பூசுகிறவரோடு அது நிற்பதும் இல்லை. அந்தக் கன்னத்தில் கன்னம் வைத்துப் படுக்கும் குழந்தைக்கும், ஒரே துவாயைப் பாவிக்கிறவருக்கும் போகும். பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா என்ற சர்வதேச உடன்படிக்கைப்படி 2020க்குப் பிறகு பத்து இலட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் பாதரசம் உள்ள அழகுசாதனங்களைச் செய்யவோ, இறக்கவோ, ஏற்றவோ கூடாது என்று இருந்தது; 2025க்குப் பிறகு பாதரசம் சேர்த்த எந்த அழகுசாதனத்துக்கும் அதே தடைதான். ஆனாலும் பெட்டிகள் வருகின்றன. பெட்டியில் கலோமெல், மெர்குரஸ் குளோரைட், அமோனியேட்டட் மெர்குரி, மெர்குரியோ என்று எது இருந்தாலும் அது பாதரசம்தான். இன்னொரு அடையாளமும் உண்டு. தங்கம், வெள்ளி, ரப்பர், அலுமினியம் படாமல் பூசவும் என்று எழுதியிருந்தால் உடனே கீழே வையுங்கள். பாதரசம் தங்கத்தோடு சேரும் என்பதால் போடும் எச்சரிக்கை அது. காசு சேமித்து, கஸ்தூரியார் வீதி நகைக்கடையில் வாங்கிய சங்கிலியைப் பழுதாக்கும் சாமானை, அதே கழுத்துக்கு மேலே பூசுவோமா?

கிறீம் எதை வாங்கினாலும் பெட்டியில் உள்ளடக்கம், தொகுதி இலக்கம், காலாவதித் திகதி, விலை, இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி எல்லாம் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறைப்பாடு சொல்லலாம். பாரிஸில் இருந்தும் லண்டனில் இருந்தும் சூட்கேசுக்குள் வருகிறவற்றுக்கும் இதே கணக்குத்தான். வெளிநாட்டில் இருந்து வந்தது என்பது ஒரு தரச் சான்றிதழ் இல்லை. சித்தியின் மகளுக்கு முகம் ஆற நல்ல காலம் எடுத்தது. பெரும்பாலும் சரியாகிவிட்டது. கன்னத்து நரம்பு மட்டும் கிட்ட நின்று பார்த்தால் இன்னும் தெரியும்.

இங்கே கழுத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். “கழுத்தை ஒருக்கால் கிளீன் பண்ணி விடுங்கோ” என்று கேட்கும் படங்கள் நிறைய வரும். பிடரியிலும் கழுத்து மடிப்பிலும் தடித்து, வெல்வெட் துணி மாதிரிக் கறுத்திருக்கும். அழுக்கு என்று நினைத்து அந்தப் பிள்ளைகளைத் தேய்த்தே புண்ணாக்குவார்கள். அது அழுக்கு இல்லை. பல வேளைகளில் உடம்பில் இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதற்கான அடையாளம். சீனி வருத்தம் வரக் கூடும், சில பெண்பிள்ளைகளுக்கு மாதவிடாய்க் குழப்பமும் கூட இருக்கும். எலுமிச்சம்பழம் தேய்ப்பதை விட்டுவிட்டு இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். தெரிந்தவர்கள் என்றால் நான் கழுத்தைத் திருத்தும்போதே சொல்லிவிடுவேன். ஒரு தாய்க்குக் கோபம் வந்து வேறு கடைக்குப் போனார். இன்னொருவர் மகளைக் காட்டி மருந்து எடுக்கிறார். அழகைப் பற்றிய பேச்சை அலட்சியம் செய்யலாம், உடம்பு சொல்வதை அலட்சியம் செய்யக் கூடாது. இந்த இரண்டும் குழம்பிக் கிடப்பதுதான் எங்கள் வீடுகளில் பெரிய சிக்கல்.

சரி, இனி வாய்கள்.

கோயிலில், கலியாண வீட்டில், மினி பஸ்ஸில், “என்ன பிள்ளை, நல்லாக் கறுத்துப் போனாய்” என்று கேட்காத மாமி இல்லை. நல்லூர்த் திருவிழாக் காலம் என்றால் இருபத்தைந்து நாளும் இதுதான். அவர்களுக்கு இது நலம் விசாரிப்பு, அதற்கு மேல் ஒன்றுமில்லை. வாதம் பண்ணினால் அது பெரிய கதையாகி, வீட்டுக்கு வரும்போது அம்மாவின் முகம் சுருங்கியிருக்கும். நான் செய்வது இது: “ஓம் மாமி, நான் கறுப்புத்தானே. உங்கட முழங்கால் நோ எப்பிடி?” மாமி முழங்காலுக்குப் போய்விடுவார். அந்த “ஓம்” முக்கியம். மறுத்தால் பேச்சு நீளும், வருத்தப்பட்டால் வைத்தியம் சொல்வார்கள், ஒப்புக்கொண்டால் அடுத்துச் சொல்ல அவர்களிடம் எதுவும் இராது. “கறுப்பெண்டாலும் களையான முகம்” என்று சொல்கிறவர்களுக்கு நான் நன்றி சொல்வதில்லை, சண்டையும் பிடிப்பதில்லை. சிரித்துவிட்டுச் சாப்பாட்டுப் பந்திக்குப் போய்விடுவேன்.

பெரியம்மா ஒருவர் முகத்துக்கு அரைத்துப் பூசு என்று ஒரு பை நிறையப் பாசிப்பயறு கொண்டுவந்து தந்தார். அம்மா அதை வறுத்து இடித்துப் பயத்தம் உருண்டை செய்தார். பெரியம்மாவுக்கும் கொடுத்தனுப்பினோம்.

ஆனால் இதே பேச்சு ஒரு சின்னப் பிள்ளையின் காதுக்குக் கேட்கும்படி வந்தால் நான் சிரித்துவிட்டு விடமாட்டேன். அண்ணாவின் மகளைப் பார்த்து ஒருவர், “இவள் அத்தையைக் கொண்டு பிறந்திட்டாள், பாவம்” என்றார். அந்த இடத்திலேயே, குரலை உயர்த்தாமல், “பிள்ளைக்கு முன்னால அப்பிடிச் சொல்லாதேங்கோ” என்றேன். சபை ஒரு கணம் அமைதியானது, கொஞ்சம் சங்கடம்தான். பரவாயில்லை. பெரியவர்கள் பேசாமல் இருந்தால் மரியாதைக்காக இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும். பிள்ளைக்குத் தெரியாது, எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள் என்றுதான் அது நினைக்கும். அதோடு, கருவில் இருக்கும்போது குங்குமப்பூப் போட்ட பால் குடிக்காததால்தான் இப்படி என்று அந்தத் தாயையும் குற்றம் சொல்வார்கள். குங்குமப்பூவுக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. பல குழந்தைகள் பிறக்கும்போது வெளுப்பாக இருந்து, மாதங்கள் போகத்தான் சொந்த நிறத்துக்கு வருவார்கள். அதைத்தான் “வெயில்ல விட்டுக் கறுக்க வைச்சிட்டாய்” என்று தாயின் தலையில் போடுவது.

என் கலியாணப் பேச்சு தொடங்கியபோது புரோக்கர் ஐயா என் படத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நிறம்தான் கொஞ்சம் குறைவு பிள்ளை. படத்தில ஒரு கை பார்த்திட்டுத் தாருமன், தொழில் உம்மட கையிலதானே இருக்கு.” பிறகு அப்பாவிடம் திரும்பி, “வீடு எழுதுறியள்தானே?” என்றார். இரண்டையும் ஒரே மூச்சில் கேட்டதுதான் எனக்குப் பிடித்தது. மனிசன் ஒளிக்கவில்லை. நிறம் குறைந்தால் சீதனம் கூட வேண்டும், அது அவருடைய கணக்கு.

நான் விறாந்தையில் நின்று எடுத்த படத்தை, வெளிச்சத்தை மட்டும் சரிபார்த்துக் கொடுத்தேன். கொள்கைப் பிடிப்பால் என்று சொன்னால் பொய். வெளுத்த படத்தைப் பார்த்து வருகிறவர்கள் நேரில் என்னைப் பார்க்கும்போது அவர்கள் முகம் மாறும். அதைப் பார்த்துக்கொண்டு ரீ கொடுக்க எனக்குப் பொறுமை இல்லை. வந்த பதில்கள் குறைவு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. சாதகம் பொருந்தியும் படம் போனபின் சத்தமில்லாமல் போன இடங்கள் இருந்தன. அம்மா அழுதார். ஆனால் படத்தைப் பார்த்த பிறகும் பேச வந்தவர்களிடம் நிறத்தைப் பற்றிய கதை வரவில்லை, அது ஏற்கனவே முடிந்துபோன விடயம். பெண் பார்க்க வந்து போகும் அலைச்சல் எல்லோருக்கும் குறைந்தது. பிறகு கலியாணம் நடந்ததா என்று கேட்பீர்கள். நடந்தது. ஆனால் அதை இங்கே பரிசு மாதிரி எடுத்துக் காட்ட எனக்கு விருப்பமில்லை. நடக்காமல் போயிருந்தாலும் அதே படம்தான்.

இதைச் செய்ய என்னால் முடிந்ததற்குக் காரணம் எனக்கு மாதச் சம்பளம் இருந்தது. வீட்டில் தங்கச்சிகள் வரிசையில் நிற்கவில்லை. அப்பா அவசரப்படுத்தவில்லை. இது மூன்றும் இல்லாத ஒரு பிள்ளை வந்து, அக்கா வெளுப்பாக்கித் தாங்கோ என்று கேட்டால் அவளுக்குப் புத்தி சொல்ல மாட்டேன். செய்து கொடுப்பேன். ஒன்று மட்டும் சொல்வேன்: படத்தில் எவ்வளவு வேண்டுமானாலும் வெளுப்பாக்கலாம், அழித்தால் போய்விடும். முகத்தில் டப்பாக் கிறீம் பூசாதே. முதலில் ஒரு தொழில் பழகு. கையில் காசு இருக்கிறவளைப் பார்த்து ஊர் “கறுப்பு” என்று சொல்லும் குரலே வேறு.

தலைமயிரைப் பற்றிச் சுருக்கமாக. நாற்பதை நெருங்க எனக்கு நரை தொடங்கிவிட்டது. நான் டை அடிப்பதில்லை, மாமியார் அடிப்பார், எங்களுக்குள் பிரச்சினை இல்லை. அடிக்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கறுப்பு டைகளில் பிபிடி என்று ஒரு இரசாயனம் இருக்கும். சிலருக்கு அது ஒவ்வாது. பல வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு ஒரு நாள் திடீரென்று முகம் வீங்கும். ஒவ்வொரு தடவையும் காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்து 48 மணித்தியாலம் பார்த்துவிட்டு அடியுங்கள். கையில் வைக்கும் ‘கறுப்பு மருதாணி’யிலும் பல வேளைகளில் அதே சாமான்தான். நல்ல மருதாணி ஒருநாளும் கறுப்பாகச் சிவக்காது.

கடைசியாக, சாமத்திய வீடு. இப்போது எங்கள் தொழிலில் கலியாணத்துக்கு அடுத்தபடி பெரிய வரும்படி இதில்தான். ட்ரோன், பல்லக்கு, நாலைந்து உடுப்பு மாற்றம், மேகசின் அல்பம். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை அதிகாலையிலேயே எழுப்பிக் கதிரையில் இருத்துவார்கள். நான் பக்கத்து அறையில் மடிக்கணினியோடு இருந்த ஒரு வீட்டில், மேக்கப் செய்கிறவர் பிள்ளையின் நிறத்தை விட நாலு படி வெளுத்த ஃபவுண்டேஷனை எடுத்து முகத்தில் அடித்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கும் அடித்தார். பிறகு கைக்கு. முழங்கைக்கு மேலே சட்டை வரும் இடத்தில் நிறுத்தினார். பிள்ளை தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தது. “அன்ரி, இது கழுவினாப் போகுமா?” என்று கேட்டது. மேக்கப் செய்கிறவர், “இண்டைக்குப் போகாது, பயப்பிடாதை” என்றார். பிள்ளை எதற்காகக் கேட்டது என்று அவருக்கு விளங்கவில்லை.

ஃபிளாஷ் அடித்தபோது அந்த முகம் சாம்பல் பூத்தது. ஃபவுண்டேஷனிலும் பவுடரிலும் இருக்கும் வெள்ளைத் தாதுக்கள் ஃபிளாஷ் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். கறுத்த தோலில் அது அப்படியே தெரியும். அந்த அல்பத்தை ஒப்பேற்ற நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும்.

உங்கள் வீட்டில் இந்த விசேஷம் வருகிறதென்றால், செய்வதா விடுவதா என்பது உங்கள் முடிவு. பிள்ளையிடம் ஒரு வார்த்தை கேட்டால் நல்லது. செய்வதென்றால், மேக்கப்காரரைப் பேசும்போதே ஃபவுண்டேஷனைத் தாடைக் கரையில் வைத்துப் பார்த்து, கழுத்தோடு சேர்கிற நிறத்தை எடுக்கச் சொல்லுங்கள். பகல் வெளிச்சத்தில் பாருங்கள், அறை விளக்கில் வேண்டாம். விசேஷத்துக்குச் சில நாள் முதலே ஒரு தடவை போட்டு, ஃபிளாஷோடு ஒரு படம் எடுத்துப் பாருங்கள். ஸ்ரூடியோவுக்கு முற்பணம் கட்டும்போது, நிறத்தைத் தொட வேண்டாம், வெளிச்சம் மட்டும் சரிபாருங்கோ என்று வாயால் சொன்னால் போதாது. பில்லில் எழுதச் சொல்லுங்கள். முற்பணம் வாங்குகிறவர் ஒருவர், படம் எடுக்கிறவர் ஒருவர், இரவில் இருந்து திருத்துகிறவர் வேறொருவர். எழுதியிராவிட்டால் அவர் கை பழக்கத்தில் வெளுப்பாக்கிவிடும். அல்பம் அச்சுக்குப் போவதற்கு முன் பக்கங்களை வட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லி, பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பாருங்கள். அச்சான பிறகு மாற்றுவதென்றால் முழுதும் திரும்ப அடிக்க வேண்டும், அந்தக் காசை எந்த ஸ்ரூடியோவும் தன் கையால் போடாது.